தாலாட்டு மாத்திரையும் சுண்ணாம்புத் தண்ணீரும்

அந்த வீட்டில் ஒரே ஒரு வாஷ்பேசின். காலையில் அதன் முன்னால் முதலில் போய் நிற்பது யார் என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் தினமும் போட்டி. சண்டை சச்சரவு ஒன்றுமில்லை. இருவருக்கும் அவசரம், அவ்வளவுதான். மருமகளுக்கு மசக்கை, கண் விழித்ததுமே குடலைப் புரட்டிக்கொண்டு வரும். மாமியாருக்கு நெஞ்செரிச்சல், எழுந்து கொஞ்சம் குனிந்தால் போதும், புளித்த தண்ணீர் தொண்டை வரை ஏறி, இருமலில் கொண்டுபோய் விடும்.

"அத்தை, நீங்க முதல்ல போங்க."

"எனக்கு இருமல்தான்மா, அடக்கிக்குவேன். உனக்கு வந்தா வந்ததுதான். நீ போ."

இப்படி மரியாதை பார்த்துக்கொண்டு நின்றபோதே ஒருநாள் மருமகள் சமையலறைத் தொட்டிக்கு ஓட வேண்டியதாயிற்று. அன்றோடு மரியாதைக்கு விடுமுறை. முந்தியவருக்குத்தான் பேசின் என்று ஆகிவிட்டது.

மருமகள் நகரப் பேருந்து ஓட்டுபவள். டிப்போவில் அவளுக்கு 'பைலட்' என்று பெயர். பிரேக் போட்டால் நிற்கிற பயணிகூட அசையமாட்டார், அவ்வளவு பதமான கால். விடிவதற்கு முன் கிளம்பும் முதல் வண்டி அவளுடையது. மாமியாருக்குத் தேயிலை நிறுவனத்தில் வேலை. வெள்ளைக் கிண்ணங்களில் வரிசையாகத் தேநீர் வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சர்ரென்று சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பிவிட்டு, இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டும். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த நாக்கை நம்பித்தான் அங்கே சரக்கு வாங்கினார்கள்.

ஆக ஒருத்திக்குக் கண்ணும் காலும் முக்கியம். இன்னொருவருக்கு நாக்கு முக்கியம். இரண்டு பேருக்கும் கெட்டுப்போனது என்னவோ வயிறு.

இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் மகன். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன், சாது. பொடி எழுத்தைப் படிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை. மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளை அவன் ஒருவன்தான் பிரித்துப் படிப்பான். இரவுச் சாப்பாட்டின்போது அதைச் செய்தி வாசிப்பது மாதிரி சத்தமாகவும் வாசிப்பான்.

"தலைவலி, வாய் உலர்தல், மயக்கம், தோல் அரிப்பு, வாகனம் ஓட்டுவதைத் தவிர்க்கவும், மலச்சிக்கல், மங்கலான பார்வை, அபூர்வமாக நாக்கு வீக்கம்..."

"டேய், சாப்பிட விடுறியா?" என்பார் மாமியார். "இதைக் கேட்டாலே எனக்கு எல்லாம் ஒண்ணா வந்துடும் போலிருக்கு."

எல்லாவற்றையும் ஒரே குரலில் வாசித்ததில் ஒரு கெடுதல் இருந்தது. அரிப்பும் வீக்கமும் சேர்ந்து போட்ட இரைச்சலில், கேட்க வேண்டிய ஒரு வார்த்தை யார் காதிலும் விழாமல் போய்விட்டது.

வீட்டில் மருந்துகளுக்குப் பட்டப்பெயர்கள் இருந்தன. மருமகளுக்கு முதலில் கொடுத்தது, வைட்டமினோடு ஒரு தூக்கம் வரும் மருந்தையும் சேர்த்த மாத்திரை. கர்ப்பிணிகளுக்குப் பழக்கமானது, பத்திரமானது என்று சொல்லித்தான் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குத் 'தாலாட்டு' என்று பெயர் வைத்தாள். போட்டுக்கொண்டு படுத்தால் அடித்துப் போட்டாற்போலத் தூக்கம். காலையில் குமட்டல் பாதியாகக் குறைந்திருக்கும். மாமியார் குடித்தது புதினா மணக்கும் வெள்ளைத் திரவம். அது 'சுண்ணாம்புத் தண்ணி'. நெஞ்சில் தீப்பிடித்தாற்போல எரியும்போது ஒரு மூடி குடித்தால் ஐந்து நிமிடத்தில் அடங்கும். கொஞ்ச நேரம் கழித்து, போன விருந்தாளி குடையை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாற்போல, எரிச்சல் மறுபடி வந்து நிற்கும்.

"உன்னோடது பரவாயில்லம்மா. ஒரு மாத்திரை, ராத்திரி பூரா வேலை செய்யுது. என்னோடது அப்பப்ப தீயை அணைக்குதே தவிர, அடுப்பை அணைக்கல."

"உங்களோடதுல தூக்கம் வரலையே அத்தை. எனக்கு மத்தியானம் வரைக்கும் தலைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு."

அந்தப் பஞ்சை அவள் பெரிதாக நினைக்கவில்லை. கர்ப்பம் என்றால் அசதிதானே என்று விட்டுவிட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை முதல் நடையில் வண்டி அவ்வளவாகக் கூட்டமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சாலை காலி, விளக்குகள் பச்சை. அவள் ஓட்டிக்கொண்டுதான் இருந்தாள். கை ஸ்டியரிங்கில், கண் சாலையில். திடீரென்று பின்னாலிருந்து ஒரு குரல் மிகத் தயக்கத்தோடு கேட்டது.

"அம்மா, என் ஸ்டாப் போயிடுச்சே. ரெண்டு தரம் மணி அடிச்சேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி நிறுத்தம் எப்போதோ பின்னால் போயிருந்தது. மணிச்சத்தம் கேட்ட ஞாபகமே இல்லை. அதைவிட, அந்த நிறுத்தத்துக்கு முன்னால் இருக்கும் வளைவைத் தான் திருப்பிய ஞாபகமும் இல்லை.  

ஓரம் கட்டி, அந்தப் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டு, கைப்பிடித்து இறக்கிவிட்டாள். அவர் "பரவாயில்லம்மா, நடக்கிறது நல்லதுதான்" என்று சிரித்துக்கொண்டே போனார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. யாரும் புகார் செய்யவும் போவதில்லை. பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அவள் சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்தினாள். டிப்போவைக் கூப்பிட்டு, "வேற டிரைவரை அனுப்புங்க சார், நான் இதுக்கு மேல ஓட்டக்கூடாது" என்றாள்.

கண்காணிப்பாளர் சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். நல்ல டோஸ் விழும் என்று நினைத்துத்தான் அவர் அறைக்குள் போனாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"வண்டியைத் தட்டிட்டு வந்து காரணம் சொல்றவங்களைத்தான் இத்தனை வருஷமா பார்த்திருக்கேன். தட்டுறதுக்கு முன்னாடி வந்து சொன்ன முதல் ஆள் நீதான். என்ன திட்டுறதுன்னு எனக்கே தெரியல. டாக்டரைப் போய்ப் பாரு. அது வரைக்கும் தவறவிட்ட பொருள் ரூம்ல உட்காரு."

அந்த அறையில் குடைகளும் ஒற்றைக் கையுறைகளும், யாரோ மறந்துவிட்டுப்போன பல்செட் ஒன்றும் இருந்தன. பைலட்டுக்கு அழுகை அழுகையாக வந்தது. ஜன்னல் வழியாகத் தன் வண்டியை வேறொருவர் வெடுக்கென்று பிரேக் போட்டு நிறுத்துவதைப் பார்த்தபோது இன்னும் அதிகமாக வந்தது.

டாக்டரம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இது தூக்கம் தராது, வாந்தியைக் கறாராக நிறுத்தும், ஆனால் தலைவலியும் மலச்சிக்கலும் வரலாம், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சரிப்படவில்லை என்றால் திரும்ப வர வேண்டும் என்றார். சொன்னது சொன்னபடி நடந்தது. குமட்டல் சுவிட்சைத் தட்டினாற்போல நின்றது. கூடவே மற்றதும் நின்றது.

"மேல் வாசலைப் பூட்டுன்னு சொன்னா, கீழ் வாசலையும் சேர்த்துப் பூட்டிட்டுப் போயிடுச்சுங்க" என்று கணவனிடம் அழாக்குறையாகச் சொன்னாள். அந்த மாத்திரைக்குப் 'பூட்டு' என்று பெயர் வந்தது. தலைவலி வேறு நெற்றியில் கயிறு கட்டி இழுத்தது. சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். குமட்டல் விசுவாசமாகத் திரும்பி வந்தது.

அந்த வாரம்தான் மாமியாரின் விஷயம் வெளியே வந்தது.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து மூன்று பொட்டலங்களை எடுத்து மேஜையில் வைத்தார். வழக்கமாக வீட்டுக்குள் நுழையும்போதே பேச்சுச் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை.

"அத்தை, என்னாச்சு?"

"நாக்கு செத்துப்போச்சும்மா."

மருமகளுக்குப் பகீரென்றது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"காலையில எழுந்தா வாயெல்லாம் புளிப்பு. ஆபீஸ்ல எரிச்சல் தாங்காம பாத்ரூம்ல போய் அந்தச் சுண்ணாம்புத் தண்ணியைக் குடிக்கிறேன். அதுக்கப்புறம் எந்தக் கிண்ணத்தைக் குடிச்சாலும் புதினாவும் சுண்ணாம்பும்தான். கொஞ்ச நாளா நிறத்தையும் இலையையும் பார்த்து ஒப்பேத்திக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு மூணு சரக்கு வந்திருக்கு. நாளைக்குக் காலையில எது வேணும் எது வேணாம்னு சொல்லணும். எனக்கு மூணும் ஒண்ணாத்தான் இருக்கு. வீட்டுல நிதானமா பார்க்கலாம்னு கொண்டுவந்தேன்."

முப்பது வருடம் கம்பீரமாக உறிஞ்சித் துப்பிய மனுஷி, பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மருமகளுக்கு மனசு ஆறவில்லை. "வைங்க, பார்ப்போம்" என்று வெந்நீர் வைத்தாள். மாமியார் மூன்று வெள்ளைக் கிண்ணங்களில் தேயிலையை அளந்து போட்டு ஊறவிட்டார். ஆவி எழுந்தது. மருமகள் பாதுகாப்பாக வாசற்படியில் நின்றுகொண்டாள். மசக்கை வந்த நாளிலிருந்து அவளுடைய மூக்கு, மூக்காகவே இல்லை. எதிர்வீட்டில் சோப்பு மாற்றினால்கூட இங்கே தெரிந்தது.

"முதல் கிண்ணம் புல்லு வெட்டின வாசனை" என்றாள் அங்கிருந்தே. "ரெண்டாவதுல புது மரப்பெட்டி. மூணாவது..."

சொல்லி முடிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். பேசினிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சாக்கு அத்தை! நனைஞ்சு காயாத சாக்கு!"

மாமியார் மூன்றாவது கிண்ணத்தை முகர்ந்தார், உறிஞ்சினார், கண்ணை மூடிக்கொண்டார். புதினா. வேறொன்றும் இல்லை.

"தற்செயலா இருக்கும்மா" என்றான் மகன். "அவளுக்குக் காத்து அடிச்சாலே வாந்தி வரும்."

சொன்னதோடு நிற்காமல், மனைவி முகம் கழுவி வருவதற்குள் கிண்ணங்களை இடம் மாற்றி வைத்துவிட்டான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். முதல் கிண்ணம், மரப்பெட்டி என்றாள். நடுவில் இருந்ததன் பக்கம் முகத்தைத் திருப்பினாள், முகம் வெளுத்தது, மறுபடியும் ஓட்டம்.

"பாவி, பிள்ளைத்தாச்சியை ரெண்டு தரம் வாந்தியெடுக்க வச்சுட்டியே" என்று மாமியார் மகன் முதுகில் ஒன்று வைத்தார். ஆனால் அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம்.

திரும்பி வந்த மருமகள் சோர்ந்துபோய் உட்கார்ந்து, அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். மாமியாருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. சிரித்ததில் அவருக்கு எரிச்சல் மேலே வந்து இருமினார். இருமிக்கொண்டே சிரித்தார்.

"அத்தை, நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"மூணாவது ஈரம் வாங்கின சரக்கு, வேணாம்னு சொல்லிடலாம். யாருக்கும் தெரியாது."

"சொல்லலாம். ஆனா அடுத்த வாரமும் நான் வந்து வாந்தியெடுக்க முடியுமா?"

மாமியார் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். கடைசிக் கிண்ணத்தைத் துடைக்கும்போது, "நீ வண்டியை நிறுத்திட்டுப் போய்ச் சொன்னப்ப பயமா இல்லையா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு அத்தை. ஓட்டுறது அதைவிடப் பயமா இருந்துச்சு."

மறுநாள் மாமியார் மேலாளர் முன்னால் போய் நின்று, தன் நாக்கு கொஞ்ச நாளாகச் சரியில்லை என்பதை உள்ளபடி சொன்னார். மூன்றாவது சரக்கு ஈரம் வாங்கியிருக்கிறது என்று நினைப்பதாகவும், தன் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம், இன்னொருவரும் பார்க்கட்டும் என்றும் சொன்னார். பக்கத்து அறையிலிருந்து 'மீசை' என்று எல்லோரும் கூப்பிடும் சக ஊழியரை அழைத்து வந்தார்கள். அவர் ஒரு கரண்டி உறிஞ்சிய வேகத்தில் துப்பினார்.

"சாக்குத் தண்ணி."

மேலாளர் மாமியாரைப் பார்த்தார். "நாக்கு சரியில்லைன்னு சொன்னீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வீட்டுல ஒரு மூக்கு இருக்கு சார். இப்போதைக்கு வேலைக்கு அனுப்புற நிலைமையில இல்ல."

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். நாக்கு சரியாகும் வரை ருசி பார்க்கும் வேலையை மீசை கவனிக்கட்டும், நீங்கள் சரக்குக் கலவையைப் பாருங்கள் என்றார். வேலை போய்விடும் என்று பயந்தபடி போனவருக்கு, அந்த அறையை விட்டு வெளியே வரும்போது கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சனிக்கிழமை இருவரும் ஒன்றாகவே டாக்டரம்மாவிடம் போனார்கள். முதலில் நீ, இல்லை நீங்க என்று கதவருகில் இவர்கள் இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "ரெண்டு பேரும் வாங்க, எனக்கு ரெண்டு நாற்காலி இருக்கு" என்றார் அவர்.

மாமியார் எடுத்ததும் கேட்டார். "இருக்கிறதுலயே எது டாக்டர் நல்ல மருந்து? அதைச் சொல்லுங்க, அதையே சாப்பிட்டுட்டுப் போறோம்."

"யாருக்குன்னு சொன்னாத்தானே எதுன்னு சொல்ல முடியும்? நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?"

மாமியார் சொன்னார். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மருமகளைத் திரும்பிப் பார்த்து, "நீங்க பஸ் ஓட்டுறதைப் போன தடவைதான் சொன்னீங்க. அதுக்கு முந்தி யாரும் கேக்கலையா?" என்றார்.

"யாரும் கேக்கல, நானும் சொல்லல டாக்டர்."

"எத்தனை மணிக்கு அந்த முதல் மாத்திரையைப் போட்டீங்க?"

"படுக்கப் போறப்ப. பதினோரு மணி ஆயிடும். நாலு மணிக்கு எழுந்துடுவேன்."

"மருந்து இன்னும் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே நீங்க எழுந்து வண்டி எடுத்திருக்கீங்க. அது நல்ல மருந்துதான், உங்களுக்கு நல்லாவே கேட்டிருக்கு. சாயங்காலம் சீக்கிரமே போட்டுக்குங்க. விடியக்காலை ஷிப்டை விட்டுட்டு மத்தியான ஷிப்டு கேளுங்க. முதல்ல கொஞ்ச நாள் ஓட்டாம வீட்டுல இருந்து பாருங்க. தலை தெளிவா இருக்குன்னு எனக்கும் தோணினாத்தான் கையெழுத்துப் போடுவேன். எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி படுக்கையிலயே ரெண்டு பிஸ்கட் கடிச்சுக்குங்க. வயிறு காலியாவே இருக்கக்கூடாது."

பிறகு மாமியாரின் முறை. அவர் தன் அனுபவத்தையெல்லாம் கொட்டினார். சுண்ணாம்புத் தண்ணீர் சட்டென்று கேட்கும், ஆனால் நிற்காது. நடுவில் கடைக்காரர் கொடுத்த ஒரு மாத்திரை முதலில் பிரமாதம், தினமும் போடப்போட மந்தமாகிவிட்டது. அமிலம் சுரப்பதையே குறைக்கும் கேப்சூல் ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்கள். அது சுத்தச் சோம்பேறி, இரண்டு நாள் போட்டும் ஒன்றும் தெரியவில்லை, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார்.

"எப்ப போட்டீங்க?"

"எரியும்போது. சாப்பிட்டப்புறம்."

டாக்டரம்மா சிரித்தார். "அது தீயணைப்பு வண்டி இல்லம்மா, தீப்பிடிக்காம பார்த்துக்கிற ஆளு. காலையில வெறும் வயித்துல போட்டு, அரை மணி கழிச்சு சாப்பிடணும். எரிஞ்சாலும் எரியலைன்னாலும் தினமும். முழுசா வேலை தெரிய சில நாள் ஆகும். முதல்ல லேசா தலைவலி, வயித்துப் பொருமல் வரலாம், போயிடும். ஆயுசுக்கும் சாப்பிடச் சொல்லல, ரெண்டு மாசம் கழிச்சுப் பார்த்துக் குறைப்போம். ராத்திரி சாப்பிட்ட கையோட படுக்காதீங்க. அந்த வெள்ளை மருந்து ரொம்ப அவசரம்னா மட்டும், அதுவும் ருசி பார்க்கிற வேலை முடிஞ்சப்புறம்."

"அப்ப இவளோட பூட்டு?" என்றார் மாமியார்.

பூட்டு என்றால் என்ன என்று விளக்கியதும் டாக்டரம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது கைவசம் இருக்கட்டும். தண்ணிகூட உள்ள நிக்கலைன்னா மட்டும் என்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க. ஆனா ஒண்ணு. ரெண்டு பேரும் மாத்திரையை மாத்தி மாத்திச் சாப்பிட்டுப் பார்க்கக்கூடாது."

மாமியார் சுவரில் இருந்த படத்தை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். அவர் ஏற்கெனவே ஒருநாள் தாலாட்டைக் கேட்டு, மருமகள் "தர மாட்டேன் போங்க" என்று டப்பாவை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது இருவருக்கும் மட்டும்தான் தெரியும்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் சில நாள் மாமியார் தினமும் காலையில் கேப்சூலை முறைத்துப் பார்த்து, "இன்னும் முழிக்கலையா நீ?" என்று கேட்டுவிட்டுத்தான் விழுங்கினார். அடுத்த வாரம் ஒருநாள் எழுந்து பல் துலக்கி, உடை மாற்றி, வாசல் வரை போன பிறகுதான் இன்று இருமவே இல்லை என்பது உறைத்தது. மருமகளுக்குக் குமட்டல் முழுசாகப் போகவில்லை, பாதி இருந்தது. ஆனால் பஞ்சு போய்விட்டது. சாயங்காலம் மாத்திரை, சீக்கிரத் தூக்கம், கண் விழித்ததும் தலையணையிலேயே பிஸ்கட். படுக்கை முழுக்கத் துகள். கணவன் காலையில் எழுந்தால் கன்னத்திலும் காதிலும் பிஸ்கட் ஒட்டிக்கொண்டிருக்கும். அவன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு அவன் அந்த மடித்த தாளைச் சத்தமாக வாசிப்பதையும் விட்டிருந்தான். மனைவிக்குப் பொருந்துகிற வரி எதுவோ அதற்கு மட்டும் சிவப்புக் கோடு போட்டு, டப்பாவின் மேல் ஒட்டி வைத்தான்.

மீசை ஒருநாள் நான்கு கிண்ணங்களை வைத்து மாமியாரைப் பரீட்சித்தார். மாமியார் நான்கையும் உறிஞ்சித் துப்பிவிட்டு, "நாலாவது நீங்க வேணும்னே கலந்து வச்சது. ரெண்டாவதும் மூணாவதும் சேர்ந்தது" என்றார். மீசை கைதட்டினார். அன்று வீட்டுக்கு வரும்போது மாமியாரின் குரல் தெருமுனையிலேயே கேட்டது.

டாக்டரம்மா கையெழுத்துப் போட்ட மறுவாரம் மருமகளுக்கு மத்தியான வண்டி கிடைத்தது. வெயில் சாய்ந்து கண்ணாடியில் தங்கமாய் அடித்தது. மணி அடித்தவுடன் அவள் கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. ஒவ்வொரு நிறுத்தத்தையும் பார்த்துப் பார்த்து நிறுத்தினாள். கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு இறங்கியபோது, பக்கத்துக் கடையிலிருந்து சுட்ட ரொட்டி வாசனை வந்தது. பழக்கதோஷத்தில் கை மூக்குக்குப் போயிற்று. பாதியில் நின்றுவிட்டது. வயிற்றுக்குள் என்னவோ செய்தது. என்ன அது என்று ஒரு நிமிடம் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

பசி.

ஒன்று வாங்கி நின்றபடியே தின்றாள். இன்னொன்றும் வாங்கினாள். கடைக்காரப் பெண், "வெண்ணெய் தடவட்டுமா?" என்று கேட்டதற்கு, "தாராளமா" என்றாள்.

திரும்பும் நடையில் தேயிலை ஆபீஸ் நிறுத்தத்தில் மாமியார் ஏறினார். எல்லோருக்கும் முன்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். ஓட்டுநரிடம் பேசக்கூடாது என்று பலகை மாட்டியிருந்ததால் பேசவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த அம்மாளிடம், முன்னால் இருப்பவளுக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

"பிரேக்கு எப்படிப் போடுறா பாருங்க. என் மருமக."